ஏழு செகண்ட் உழைப்பு

அலுவலகத்தில் தலைமை எழுத்தருக்கு 'மலை' என்று பெயர். யார் எது கேட்டாலும், "வேலை மலையா குவிஞ்சு கிடக்குப்பா" என்பார். பழைய கணினியிலிருந்து புதியதற்குக் கோப்புகளை மாற்ற வேண்டும் என்றதும், "பதினெட்டு வருஷ உழைப்பு சார், ரெண்டு நாளாவது ஆகும்" என்று மேலாளரிடம் சொல்லி, அந்த இரண்டு நாளும் வேறு வேலை இல்லாமல் பார்த்துக்கொண்டார்.

கணினி பழுதுபார்க்கும் பெண் வந்தாள். ஒயரைச் செருகிப் பொத்தானை அழுத்தினாள். மலை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"ஏழு செகண்ட் சார். மொத்தமே பத்து ஃபைல்தான். அதுல ஒன்பது உங்க பேத்தி போட்டோ."

மிச்சம் ஒரு கடிதம். பதினெட்டு வருடமாக அதே கடிதத்தில் பெயரையும் தேதியையும் மட்டும் மாற்றி அச்செடுத்து, அதன் மேலேயே சேமித்து வந்திருக்கிறார் அந்த மகா உழைப்பாளி.

"கொஞ்சம் மெதுவா ஏத்த முடியாதாம்மா?" என்றார். காதெல்லாம் சூடாகிவிட்டது.

அவள் வாய் திறக்குமுன் மேலாளர் எட்டிப் பார்த்தார். "எந்த மட்டுல இருக்கு?"

"எக்கச்சக்கமா இருக்கு சார். ரெண்டு நாள்கூடப் பத்தாது போல" என்றாள் அவள், சிரிக்காமல்.

கேலி செய்திருந்தால் மலை ஒரு கை பார்த்திருப்பார். இவளோ பாவம் பார்த்துவிட்டாள்!

"ரொம்பச் சிரமப்படுறார்" என்று மேலாளர் தேநீர் வேறு அனுப்பினார். மலை தலை நிமிராமல் அதைக் குடித்தார்.