மும்தாஜ் அக்காவின் இருபத்தைந்து மீட்டர்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வில்லியனூர் தபால் நிலையத்தில் அன்றைய கடிதங்களைத் தெருவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தேன். மும்தாஜ் அக்காவின் அண்ணன், துணிக்கடை காதர் பாய், கவுன்ட்டரில் நின்று தந்திப் படிவம் ஒன்றை நிரப்பிக்கொண்டிருந்தார். பேனா எழுதவில்லை என்று என்னுடையதைக் கேட்டார். கொடுக்கும்போது படிவத்தில் இருந்த மூன்று ஆங்கிலச் சொற்களைப் படித்துவிட்டேன். "தங்கச்சி காலையில தொழுகை நேரத்துக்குப் போயிடுச்சு முருகேசா," என்றார். இப்படிப்பட்ட செய்தியை இருபது வருஷமாக மற்றவர்கள் வாசலுக்குக் கொண்டுபோனவன் நான். அன்று அது எனக்கே வந்தது.

வில்லியனூரிலும் பாகூரிலும் அக்காவின் அஞ்சலட்டைகளை வாங்கியவர்களுக்காக இதை எழுதுகிறேன். வாங்காதவர்களுக்கும் விளங்கும்படி முதலிலிருந்தே சொல்கிறேன்.

மும்தாஜ் அக்கா சைகோனில் பிறந்தவர். தகப்பனார் அங்கே ஜவுளி வியாபாரம் செய்தார். அவர்கள் வீட்டுக்கு எதிரே ஓர் ஓட்டலில் சாயங்காலமானால் ஜாஸ் வாசிப்பார்களாம். அதைக் கேட்டு வளர்ந்தவருக்குப் பன்னிரண்டு வயதில் குடும்பம் வில்லியனூருக்குத் திரும்பியது. கல்யாணமான இரண்டே வருஷத்தில் கணவரை இழந்து அண்ணன் வீட்டுக்கு வந்தார். தையல் இயந்திரம் ஒன்று, பக்கத்தில் பெரிய வால்வு ரேடியோ ஒன்று. ரவிக்கை தைத்துக்கொண்டே சிற்றலையில் உலகத்தைத் தேடுவார். அமெரிக்க மலைநாட்டுப் பாட்டான ப்ளூகிராஸ் அவருக்குக் கிடைத்தது அப்படித்தான்.

நான் வேலையில் சேர்ந்த புதிது. கடிதம் கொடுக்கப் போனபோது உள்ளே தந்தி வாத்தியம் ஒன்று மழை கொட்டுவதுபோல் ஒலித்துக்கொண்டிருந்தது. சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றேன்.

"அது இன்னாக்கா?"

"பாஞ்சோ. வளையத்துல தோலு கட்டி, மேல தந்தி போட்டது. பாதி மேளம், பாதி வீணைன்னு வச்சுக்கோ." பிறகு, வேறெதையோ யோசித்தவராக, "நீ தபால் குடுக்கற பீட்டுல யார் யார் வூட்டுல ரேடியோ இருக்குது?" என்று கேட்டார்.

சொன்னேன். அடுத்த வாரம், ரேடியோவில் எதைக் கேட்கலாம் என்று அஞ்சலட்டையில் எழுதுகிறவர் அவர், எடுத்துப்போகிறவன் நான் என்று ஆகிவிட்டது. ஒதியம்பட்டில் கரும்பு போட்டிருந்த ஒரு விவசாயி, மதகடிப்பட்டில் சைக்கிள் கடைக்காரர், பாகூரில் பள்ளிக்கூட வாத்தியார் இருவர் என்று ஒன்பது பேருக்கு ஒன்பது அட்டைகள். அதில் ஒன்று இப்படி இருந்தது: "வியாழன் மாலை ஏழரை. சிற்றலை 25 மீட்டர். அமெரிக்க வானொலி. அண்ணனும் தம்பியும் சேர்ந்து பாடுகிறார்கள். தம்பியின் குரல் மேலே ஏறும்போது அண்ணன் எங்கே நிற்கிறார் என்று கவனியுங்கள். பிடிக்கவில்லை என்றால் அதையும் எழுதவும்."

பலரும் எழுதினார்கள். கரும்பு விவசாயி மட்டும் பதில் அட்டையில் அக்காவுக்கே ஒன்றைச் சிபாரிசு செய்தார். ஏம்பலம் பக்கத்தில் ஒருவர் நாகசுரத்தில் தோடி வாசிக்கிறார், அதை நீங்கள் கேட்டீர்களா என்று. அக்கா அந்த நாகசுரக்காரர் வாசித்த அடுத்த கல்யாணத்துக்கே போய்க் கேட்டுவிட்டு வந்தார். அதன்பிறகு அட்டைகளில் ஜாஸும் பாஞ்சோவும் மட்டும் இல்லை. நாகசுரமும் வந்தது, பக்கீர்கள் அடிக்கும் தாயிரா மேளமும் வந்தது. "மைக்கு வேணாம், கரென்ட்டு வேணாம். கையும் மூச்சும் போதும். அந்த மாதிரி வாசிக்கிற எல்லாரும் எனக்கு ஒரே ஊருதான்," என்பார்.

வங்கதேசப் போர் நடந்த டிசம்பரில் இது சிக்கலானது. தபாலட்டை என்பது யாரும் படிக்கக்கூடியது. யாரோ படித்தார்கள். வியாழன், ஏழரை, 25 மீட்டர், ஊதுகுழல் மூன்று, தோல் ஒன்று என்று ஒரு முஸ்லிம் வீட்டிலிருந்து போகும் அட்டையைப் பார்த்து யாரோ உளவுச் செய்தி என்று போலீசுக்குச் சொல்லிவிட்டார்கள். ஓர் ஏட்டையா வந்தார். அட்டைகளைக் கொண்டுபோய்க் கொடுத்தவன் என்று என்னையும் கூடவே நிறுத்தினார். "இந்த எழுத்து வேலைய விட்டுடும்மா, கடைப் பேரு கெட்டுடும்," என்று காதர் பாய் தங்கையிடம் கெஞ்சினார்.

"இருபத்தஞ்சு மீட்டர்னு போட்டிருக்குதே, எங்கேருந்து இருபத்தஞ்சு மீட்டரு? பாலத்துலருந்தா?" என்று கேட்டார் ஏட்டையா.

அன்று வியாழக்கிழமை. மணி ஏழு இருபது. மும்தாஜ் அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டார். "பத்து நிமிஷம் உக்காருங்க ஏட்டையா. எங்கேருந்துன்னு நீங்களே கேட்டுக்குங்க."

ரேடியோ சூடேறியது. முள்ளை மெல்லத் திருப்பி இருபத்தைந்து மீட்டரில் நிறுத்தினார். ட்ரம்பெட் வந்தது.

"கல்யாணத்துல வாசிக்கிற பேண்டு மாதிரி கீதே," என்றார் ஏட்டையா.

"இருங்க. வாசிக்கறவரு இப்ப ஒரு எடத்துல தடுக்கி வுழுவாரு. எப்படி எழுந்துக்கறாருன்னு பாருங்க."

விழுந்தார், எழுந்தார். ஏட்டையா தன்னை அறியாமல் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அரைமணி நேரம் அசையவில்லை. போகும்போது காதர் பாயிடம், "தங்கச்சி மேல தப்பு ஒண்ணும் இல்ல பாய். நான் எழுதிக்கறேன்," என்றார். வாசலைத் தாண்டியவர் திரும்பி வந்து என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "எனக்கும் ஒரு அட்டை போடச் சொல்லுப்பா. ஸ்டேஷனுக்கு வேணாம். வூட்டு அட்ரசுக்கு."

அந்த வாரமும் அட்டைகள் போயின. அண்ணன் பயந்தார், அக்கம்பக்கம் பேசியது. அக்கா ஒரு வாரம்கூட நிறுத்தவில்லை. அந்தத் துணிச்சலை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

எழுபதுகளின் கடைசியில் துபாயிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர் அவருக்கு ஒரு டேப் ரிக்கார்டர் கொண்டுவந்தார். எங்கள் பட்டியல் அப்போது நாற்பது பேரைத் தொட்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் என்னையும் அழைத்துக்கொண்டு பஸ் ஏறிப் பாகூருக்குப் போனார். ஏரிக்கரைக்குப் பக்கத்துக் குடியிருப்பில் கன்னியப்பன் இருந்தார். திருவிழாக்களில் பம்பை அடிப்பவர். ஒன்றோடொன்று கட்டிய இரட்டை மேளம் அது. அவர் குச்சி பட்டால் பேசும். ஊரில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏ பம்ப" என்பார்கள். அவரும் திரும்பிப் பார்ப்பார்.

"எந்தச் சாமிக்கு அடிக்கணும்?" என்று கேட்டார்.

"சாமிக்கு இல்ல. நாங்க கேக்கறதுக்கு."

"சாமி இல்லாம எப்படிம்மா அடிக்கறது?"

"மனுஷங்களுக்கு அடிச்சதே இல்லியா நீங்க?"

அவர் சிரித்தார். வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சி விறைப்பேற்றினார். முதல் தடவை பஸ் ஹாரன் குறுக்கே வந்தது. இரண்டாவது தடவை காக்கைகள். மூன்றாவது தடவை நான்கு நிமிஷம் முழுதாகப் பதிவானது. முடிந்ததும் அக்கா அவருடைய முழுப்பெயரையும் ஊரையும் கேட்டு எழுதிக்கொண்டார். "இதுவரைக்கும் அவங்க சொன்னதை நாம கேட்டோம். இப்ப நாம சொல்றதை அவங்க கேக்கட்டும்," என்று பெயரையும் சேர்த்து அந்த நாடாவை அமெரிக்க வானொலி அறிவிப்பாளருக்கு அனுப்பினார். புதுச்சேரிக்குக் கொண்டுபோய்ப் பதிவுத் தபாலில் சேர்த்தவன் நான்.

நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது: இன்ன நாளில் ஒலிபரப்புகிறோம். நாற்பது பேருக்கும் அட்டை போனது. பாகூர்க் கடைவீதியில் டீக்கடைக்காரர் ரேடியோவை வெளியே எடுத்து வைத்தார். ஊரே நின்றது. பம்பை அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்தது! கைதட்டல் அடங்கியபோது அறிவிப்பாளர் பேசினார். வாத்தியார் மொழிபெயர்த்தார்: "தென்னிந்தியாவிலிருந்து, பெயர் தெரியாத ஒரு கலைஞர்."

யாருக்கும் அது உறைக்கவில்லை. அக்காவின் முகம் மட்டும் மாறிவிட்டது.

"வுடுங்கம்மா," என்றார் கன்னியப்பன். "அடிச்சது நான்தான்னு எனக்குத் தெரியுமில்ல?"

"உங்களுக்குத் தெரிஞ்சா போதுமா? அட்டையில நான் இத்தினி வருஷமா எழுதறது இன்னா? யாரு பாடறாங்க, யாரு வாசிக்கறாங்கன்னு. எவனோ ஒருத்தன்னு எழுதியிருந்தா நீங்க யாராச்சும் கேட்டிருப்பீங்களா?" இதைக் கன்னியப்பனைப் பார்த்துத் தொடங்கியவர், எங்கள் எல்லோரையும் பார்த்து முடித்தார்.

இரண்டு கடிதம் எழுதினார். பதில் இல்லை. மூன்றாவது முறை அவர் எழுதவில்லை. எங்கள் நாற்பது பேருக்கும் அட்டை போட்டார். அதில் பாட்டு எதுவும் இல்லை. "பம்பை வாசித்தவர் பெயர் கன்னியப்பன்" என்பது ஒரே வரியாக, பெரிய ஆங்கில எழுத்தில் இருந்தது. கீழே தமிழில், "இதை அப்படியே பார்த்து எழுதி வானொலிக்கு அனுப்பவும்" என்று.

அந்த வாரம் தபால் பெட்டிகளைத் திறந்தவனுக்குத்தான் அந்தக் காட்சி கிடைத்தது. வெளிநாட்டுக்குப் போகும் நீல நிற ஏரோகிராம்கள் ஒவ்வொரு பெட்டியிலும். ஆங்கிலம் தெரியாதவர்கள் படம் வரைவதுபோல் எழுத்துகளை வரைந்திருந்தார்கள். சைக்கிள் கடைக்காரருடையதில் கிரீஸ் ரேகை. ஏட்டையா தம் பதவியையும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தார். முப்பத்தொன்பதை எண்ணினேன். என்னுடையதைச் சேர்த்து நாற்பது. முத்திரை குத்தும்போது ஒன்றுகூட மங்கிவிடக் கூடாது என்று அழுத்திக் குத்தினேன்.

இரண்டு மாதம் சென்று ஒரு வியாழக்கிழமை. அதே டீக்கடை. அறிவிப்பாளர் சிரித்துக்கொண்டே பேசினார். ஒரே பகுதியிலிருந்து ஒரே வரியோடு தமக்குக் கட்டுக்கட்டாகக் கடிதங்கள் வந்திருப்பதாகவும், தாம் தவறு செய்துவிட்டதாகவும் சொன்னார். பம்பையை மறுபடி ஒலிபரப்பினார். கடைசியில் நிறுத்தி நிதானமாக, "கேனி... யாபன்" என்றார்.

கூட்டம் கத்தியதில் ரேடியோ கேட்கவில்லை. கன்னியப்பன் எங்களை நெருங்கி வந்தார்.

"என் பேரா அது?"

"உங்க பேருதான்."

"தப்பா சொல்றானேம்மா."

அக்கா வாய்விட்டுச் சிரித்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தப்பா சொன்னாலும் உங்களத்தான் சொல்றான்." அடுத்த திருவிழாவில் ஒலிபெருக்கியில் கன்னியப்பன் என்று சொல்லித்தான் அவரை அழைத்தார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் சரியாகச் சொன்னார்கள்.

கடைசி ஒரு வருஷம் அக்காவுக்குச் சிறுநீரகக் கோளாறு. தையலை விட்டார், அட்டைகளை விடவில்லை. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். எங்களுக்குள் தீராத ஒரு வழக்கு இருந்தது. எனக்குச் சாக்ஸபோன் பிடிக்காது. சளி பிடித்த மூக்கால் பேசுவதுபோல் இருக்கும் எனக்கு. போன பொங்கல் சமயத்திலும் ஒன்றைக் கேட்கச் சொன்னார். முக்கால் மணி நேரம் உட்கார்ந்து கேட்டுவிட்டு, "இதுவும் புடிக்கலக்கா," என்றேன்.

கோபிப்பார் என்று நினைத்தேன். தலையணையில் சாய்ந்தபடி, "முழுசா கேட்டுட்டுப் புடிக்கலங்கறவன் நீ ஒருத்தன்தான்டா. மத்தவங்க கேக்காமலே சொல்லிடறாங்க," என்றார்.

அடக்கத்துக்கு எல்லா ஊரிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். பள்ளிவாசல் தெருவில் ஒதியம்பட்டுக்காரரும் ஓய்வுபெற்ற ஏட்டையாவும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். கன்னியப்பனிடம் யாரோ, இறந்தவர் உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டார்கள். "நான் அடிச்சதக் கேட்டவங்க," என்றார். அவ்வளவுதான்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது எந்தப் பாட்டும் இல்லை. எதையும் பாதியில் வெட்டாமல் கடைசிவரை கேட்பது, பிறகு மனத்தில் பட்டதை மறைக்காமல் சொல்வது. இந்த இரண்டுதான். வில்லியனூரில் இப்படி ஒருவர் இருந்தார், இருபது வருஷம் அவரோடு நான் சரிக்குச் சரி வாதாடினேன் என்று எந்த ஊரில் யார் கேட்டாலும் சொல்வேன்.