நாலு இட்லி, சாம்பார்

கிளாஸ்கோவுக்கு வந்த முதல் வாரம், பக்கத்து மேசை ஃபியோனாவிடம் “சாப்பிட்டாயா?” என்று ஆங்கிலத்தில் கேட்டேன். “இல்லை” என்று சொல்லிவிட்டுக் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சற்றுக் கழித்து, “மன்னித்துக்கொள், எனக்கு மீட்டிங் இருக்கிறது, உன்னோடு வர முடியாது” என்றாள். நான் எங்கே கூப்பிட்டேன்? சும்மா கேட்டேன். ஆனாலும் அந்த “இல்லை” எனக்கு இன்றுவரை செரிக்கவில்லை. நம் ஊரில் யாராவது அப்படிச் சொல்வார்களா?

ஓசூரில், முனைவர் பட்ட ஆய்வுக்காக, தொழிற்சாலைப் பெண்கள் தங்கும் விடுதியில் எட்டு மாதம் இதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டு திரிந்தேன். பொதுச் சுகாதார ஊட்டச்சத்து ஆய்வு என்று பெயர் பெரிதாக இருக்கும். நேற்று விடிந்ததிலிருந்து என்ன சாப்பிட்டாய் என்று கேட்டு எழுதுவதுதான் வேலை. தமிழில் சாப்டாச்சா, கன்னடத்தில் ஊட்டா ஆய்த்தா. எந்த மொழியிலும் ஆச்சு என்றே பதில் வரும். ஊத்தங்கரையிலிருந்து வந்திருந்த செல்வி, “காலைல நாலு இட்லி, சாம்பார்க்கா” என்பாள். ஷிப்ட் பஸ் ஐந்து மணிக்கே வந்துவிடும், விடுதி அடுப்பு ஆறு மணிக்குத்தான் எரியும். இதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இட்லியை எழுதி வைத்தேன். படித்த முட்டாள்.

விடுதியில் அதிகாலைச் சாப்பாடு கொடுக்கலாமா என்று நிர்வாகம் அப்போது யோசித்துக்கொண்டிருந்தது. பெண்கள் நன்றாகவே சாப்பிடுகிறார்கள் என்று என் அறிக்கையைக் காட்டியே அதைக் கைவிட்டார்கள். அடுத்த மாதம் செல்வி வேலையிடத்தில் மயங்கி விழுந்தாள். உடம்பில் ரத்தமே இல்லை என்றார் டாக்டர். கட்டிலருகே உட்கார்ந்து, ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டேன்.

“அவ்ளோ தூரம் வந்து பாசமா கேக்கறீங்க. மூஞ்சிக்கு நேரா இல்லன்னு எப்பிடிக்கா சொல்றது?”

அறிக்கை தவறென்று நிர்வாகத்துக்கு எழுதினேன்; பதில் இல்லை. நெறியாளர், “பட்டம் வந்தாச்சு, விடும்மா” என்றார். விட்டேன். அந்தப் பட்டம்தான் என்னை விமானம் ஏற்றியது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். நான் அதற்குச் சம்பளமும் வாங்குகிறேன். எப்படிக் கேட்டால் உண்மை வரும் என்று இங்கே மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறேன்.

போன ஞாயிறு காலை செல்வி போன் செய்தாள். இன்னும் அதே விடுதி, அதே ஐந்து மணி பஸ்.

“சாப்டீங்களாக்கா?”

ஃபியோனாவிடம் “இல்லை” என்று சொல்ல எனக்கும் பழகிவிட்டது. செல்வியிடம் வரவில்லை.

“சாப்ட்டேன் செல்வி. நீ?”

“ஆச்சுக்கா.”

என் மேசையில் ரொட்டி பிரிக்காமல் கிடந்தது. காலையில் என்ன சாப்பிட்டாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால், நாலு இட்லி என்றிருப்பாள்.