வெங்காய வாசம்

குழம்புக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். "அம்மா, காய்ச்சலா இருக்கு, இன்னைக்குப் பள்ளிக்கூடம் போகலம்மா" என்று மகள் வந்து நின்றாள். மற்ற தாய்மார் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். நான் அவள் கையை இழுத்து முகர்ந்தேன்.

இலங்கையில், ருவான்வெல்லைப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் சின்ன வயதில் ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. அக்குளில் வெங்காயம் வைத்தால் உடம்பு சுடும் என்று அங்கே ஒரு நம்பிக்கை. அதனால் யார் காய்ச்சல் என்றாலும், வேலைக்கு மட்டம் போடத்தான் வெங்காயம் வைத்திருக்கிறார்களோ என்று, காலையில் ஆள் கூடும் பெரட்டுக்களத்தில் கங்காணி கையை முகர்ந்து பார்ப்பார்.

ஒருநாள் என் அத்தைக்கு நிஜமாகவே காய்ச்சல். சூடு இறங்கட்டும் என்று அவள் உள்ளங்காலிலும் கையிலும் வெங்காயச் சாறு தேய்த்துவிட்டவள் நான்தான். எட்டு வயது எனக்கு. அவளைத் தாங்கிப் பிடித்துக் கூடவே போனேன்.

கங்காணி முகர்ந்தார். "என்னா புள்ள, வெங்காயம் வச்சிருக்கியா?"

"இல்லீங்க, காய்ச்சலுக்குத் தேச்சதுங்க. இவளையே கேளுங்க."

பிரம்பு என் பக்கம் திரும்பியது. "அக்குள்ள வச்சாளா? நெசத்தைச் சொல்லு."

"ஆமாங்க" என்றேன்.

அத்தை என்னை ஒருமுறை பார்த்தாள். ரப்பர் பால் வாளியைத் தூக்கிக்கொண்டு மலையேறினாள். மத்தியானம் நாலு பேர் அவளைக் கம்பளியில் தூக்கி வந்தார்கள். பிழைத்துக்கொண்டாள். ஆனால் அதன்பின் என்னிடம் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கேட்டதில்லை.

மகளின் கையிலும் வெங்காயம் மணத்தது. "எங்கடி வச்ச?" என்று அதட்டினேன். அன்று அத்தை பார்த்தது போலவே அவள் என்னைப் பார்த்தாள். அப்புறம்தான் உறைத்தது. அவள் கையைப் பிடித்திருந்தது, வெங்காயம் உரித்த என் கை.