மூன்றாவது கொட்டேஷன்

குளியலறைப் பைப்பில் உப்பு அடைத்து, இரண்டு வாரமாகத் தண்ணீர் நூல் போல் வருகிறது. மொத்தத்தையும் மாற்றியாக வேண்டும். ஒருவரையே நம்பி ஏமாறக் கூடாது என்று மூன்று பில்டர்களிடம் கொட்டேஷன் கேட்டேன்.

முதலாமவர் நாற்பதாயிரம் என்றார். இரண்டாமவர் ஐம்பத்தைந்தாயிரம். இருவரும் அளவெடுக்க அழைத்து வந்தது ஒரே பிளம்பரை, முருகேசனை. தற்செயல் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்று காலை மூன்றாமவர் நல்லம்பள்ளியிலிருந்து வந்தார். அவருடைய பைக்கின் பின்னாலிருந்து இறங்கியதும் முருகேசன்தான்.

என்னை முன்பின் பார்த்திராதவர் போல வணக்கம் வைத்தார். டேப்பை வெளியே எடுக்கவே இல்லை. அளவுகளை மடமடவென்று எழுதி முடித்தார்.

பில்டர் போன் பேச வெளியே போனதும், “என்னங்க இது?” என்றேன்.

“காட்டிக் குடுத்துடாதீங்க மேடம். மூணு பேருமே எனக்கு வேலை குடுக்கறவங்க.”

“யாருக்குக் குடுத்தாலும் நீங்கதான வரப்போறீங்க? நேரா நீங்களே செஞ்சு குடுங்களேன்.”

“ஐயோ, அது தப்புங்க. அப்புறம் ஒருத்தரும் என்னைக் கூப்பிட மாட்டாங்க.”

பில்டர் திரும்பி வந்து எழுபத்திரண்டாயிரம் என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, “மத்தவங்களோட ஒப்பிட்டுப் பாக்காதீங்க மேடம். என் பிளம்பர் மாதிரி வேலைக்காரன் அவுங்க யாருகிட்டயும் கிடையாதுங்க” என்றார்.

முருகேசன் அடக்கமாகத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தர்மபுரி நண்பர்களே, நல்ல பில்டர் யாராவது தெரிந்தால் சொல்லுங்கள். அவருடைய பெயர்கூட வேண்டாம், அவருடைய பிளம்பரின் பெயர் போதும்.