பிறகு கதைப்பம், அன்ரி

மருத்துவப் பயிற்சி முடிந்து அரசாங்க நியமனத்துக்காகக் காத்திருந்த காலத்தில், வலிகாமத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் வதிவிட வைத்தியராகப் பதினாலு மாதம் வேலை செய்தேன். எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. பிழை என்னுடையது. ஆஸ்பத்திரியை அதற்குள் இழுக்க எனக்கு விருப்பமில்லை.

எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. போருக்குள் பிறந்தவன் என்பதால் அதற்குப் பின்னால் பெரிய கதை ஒன்று இருக்கும் என்று ஆட்கள் எதிர்பார்ப்பார்கள். அப்படி ஒன்றும் இல்லை. தென்மராட்சியில் வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிற வீடு எங்களுடையது. ஏ.எல். படிக்கிற காலத்தில் ஒருநாள் அவசரத்தில் திருநீறு பூசாமல் ரியூசனுக்குப் போனேன். எதுவும் குறைந்ததாகத் தெரியவில்லை. பிறகு பூசவேயில்லை. அம்மா கொஞ்ச நாள் ஏசிப்போட்டு விட்டுவிட்டார்.

நேர்முகத்தின்போது பொறுப்பு வைத்தியரிடம் இதை மறைக்காமல் சொன்னேன். அவர் அதிகம் கதைக்காத மனிதர்.

"இஞ்சை காலமை ஏழரைக்கு ஜெபம் நடக்கும். நீர் வரவேணும் எண்டு ஒரு கட்டாயமும் இல்லை. வேலையை ஒழுங்காய்ச் செய்தால் காணும்," என்றார்.

அவர் சொன்னதில் ஒரு வில்லங்கமும் இருக்கவில்லை. வில்லங்கம் என்னிடம்தான் இருந்தது. ஏழரைக்கு மிஸிமார் என்று நாங்கள் சொல்லும் தாதிமாரும் வேலையாட்களும் வாட்டு வாசலில் கூடி ஒரு பாட்டுப் பாடுவார்கள். பிறகு கட்டில் இலக்கம் சொல்லி ஒவ்வொரு நோயாளிக்காகவும் ஜெபம் பண்ணுவார்கள். அந்த நேரம் நான் ஆய்வுகூடத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பழைய சோதனை முடிவுகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். முதல் கிழமை அது வெறும் ஒதுக்கமாக இருந்தது. போகப்போக அதில் எனக்கொரு பெருமை வந்துவிட்டது. அவர்கள் பாடிக்கொண்டு நிற்கிறார்கள், நான் வேலை செய்கிறேன் என்று.

ஜெபத்தை நடத்துகிறவரை எல்லாரும் பிரேயர் அன்ரி என்று கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் தையல் படிப்பித்து ஓய்வுபெற்றவர், கணவர் இல்லை, ஒரே மகள் கனடாவில். ஒவ்வொரு நாளும் சைக்கிளில் வருவார். ஜெபம் முடிந்தபின் கட்டில் கட்டிலாகப் போய் நோயாளிகளுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருப்பார். சைவ ஆட்களிடம் வேதம் கதைக்கமாட்டார். பெண்களுக்குச் சீப்பால் தலை இழுத்துவிடுவார். மாப்பால் கரைத்துக் கொடுப்பார். மிச்சநேரம் அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பார். அவர் அங்கே செய்த வேலை அதுதான் என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை. அவரைக் கண்டால் எனக்குத் தெரிந்ததெல்லாம் கையிலிருந்த கறுப்பு மட்டை வேதப்புத்தகம்தான்.

நான் சேர்ந்து ஒரு மாதத்தில் அவர் என்னிடம் வந்தார். என்னை 'டொக்டர் தம்பி' என்று கூப்பிட்டவர் அந்த ஆஸ்பத்திரியில் அவர் ஒருவர்தான்.

"டொக்டர் தம்பி, காலமையில ஒருக்கா வந்து சும்மா நில்லுங்கோவன். சனத்துக்கு அது ஒரு தென்பாய் இருக்கும்."

மெதுவாகத்தான் கேட்டார். நான் இரண்டு மிஸிமாருக்கு முன்னால் பதில் சொன்னேன்.

"அன்ரி, உங்கடை வேலை உங்களுக்கு, என்ரை வேலை எனக்கு. இதைப்பற்றி இனி என்னோடை கதைக்க வராதேங்கோ."

"சரி தம்பி," என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு பல மாதங்கள் அவர் என்னிடம் வரவேயில்லை. வழியில் கண்டால் சிரிப்பார். நானும் தலையாட்டுவேன்.

நான் அங்கே சேர்ந்து ஒரு வருடம் ஆகப்போகிற சமயத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை, கோப்பாயிலிருந்து ஒரு பள்ளிக்கூட ரீச்சரைக் காலில் புண்ணோடு கொண்டுவந்தார்கள். நாற்பத்திரண்டு வயது. தோட்டத்தில் ஆணி குத்தி, கால் கணுக்கால்வரை வீங்கிச் சிவந்திருந்தது. கணவர் தோட்டத்தில் வெங்காயமும் மரக்கறியும் பயிர் செய்கிறவர். அவர்தான் ரீச்சரின் கிளினிக் கொப்பியை எடுத்துத் தந்தார். ஆறு வருடத்துக்கு முன் ரீச்சருக்கு இருதயத்தில் செயற்கை வால்வு வைத்திருந்தார்கள். அப்படி வைத்தவர்கள் இரத்தம் உறையாமல் இருக்க ஒரு குளிசையை நாள் தவறாமல் போடவேண்டும். விட்டால் வால்வில் இரத்தக்கட்டி பிடிக்கும். அது மூளைக்கு ஏறினால் பாரிசவாதம்.

"அந்தக் குளிசை ஒழுங்காய்ப் போடுறீங்கள்தானே ரீச்சர்?" என்று கேட்டேன்.

அவர் தலையாட்டினார். என்னைப் பார்க்காமல் கணவரைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினார். அதை நான் கண்டேன், ஆனால் மேற்கொண்டு கேட்கவில்லை. கொப்பியில் கடைசிச் சோதனை முடிவு நன்றாக இருந்தது. இரத்தம் எவ்வளவு உறைகிறது என்று பார்க்கும் சோதனை எங்களிடம் இல்லை, யாழ்ப்பாண டவுனுக்கு அனுப்பவேண்டும். டவுனிலிருந்து கிழமைக்கு இரண்டு நாள் வருகிற பெரிய டொக்டர் வெள்ளிக்கிழமை வருவார், அப்போது எல்லாச் சோதனையையும் சேர்த்து அனுப்பலாம் என்று எண்ணிக்கொண்டு, 'வழமையான குளிசைகளைத் தொடரவும்' என்று எழுதினேன். குளிசைகள் ரீச்சரின் பையில்தான் இருந்தன. தானே எடுத்துப் போடுகிறேன் என்று மிஸியிடம் சொல்லியிருக்கிறார்.

புதன்கிழமை பின்னேரம் வாட்டு விறாந்தையில் அன்ரி என்னை மறித்தார். அத்தனை மாதத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

"டொக்டர் தம்பி, ஒரு விசயம் தனியக் கதைக்கவேணும்."

"பிறகு கதைப்பம், அன்ரி."

"கன நேரம் எடாது."

"பிறகு," என்று சொல்லிக்கொண்டு நடந்தேன். எனக்கு அப்போது அவசர வேலை ஒன்றும் இருக்கவில்லை. ரீ குடிக்கப் போனேன்.

வியாழக்கிழமை காலை நான் ஆய்வுகூடத்தில் இருந்தேன். வெளியே பாட்டு நடந்துகொண்டிருந்தது. கதவை யாரோ தட்டித் திறந்தார்கள். பார்த்தால் அன்ரி. ஜெபத்தை நடத்துகிறவர் அதை இடையில் விட்டுவிட்டு வந்து நிற்கிறார். அதிலிருந்தே எனக்கு விளங்கியிருக்கவேண்டும். எனக்கு விளங்கியது வேறு: என்னைக் கூட்டிக்கொண்டு போக வந்திருக்கிறார்.

"அன்ரி, நான் வரமாட்டன் எண்டு எப்பவோ சொல்லிப்போட்டன்."

"அதுக்கில்லை தம்பி, அந்தக் கோப்பாய் ரீச்சர்—"

நான் போனை எடுத்துக் காதில் வைத்தேன். யாரும் அழைத்திருக்கவில்லை. "ஓம், சொல்லுங்கோ," என்று வெறும் போனுக்குள் கதைத்துக்கொண்டு, பிறகு வாறன் என்பதுபோல அவருக்குக் கையைக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் வாசலில் நின்றார். நான் போனுக்குள் கதைப்பதை நிறுத்தவில்லை. கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போனார்.

பத்தரை மணியளவில் மிஸி ஓடிவந்து கூப்பிட்டார். ரீச்சர் கட்டிலில் ஒரு பக்கம் சரிந்து கிடந்தார். வாய் கோணியிருந்தது. வலது கை தூக்கத் தூக்க விழுந்தது. கண் என்னைப் பார்த்தது, ஆனால் கேட்டதற்குப் பேச்சு வரவில்லை. பாதி பின்னின தலைமயிர் தோளில் கிடந்தது. அன்ரி சீப்போடு கட்டிலுக்கு மறுபக்கம் நின்றார்.

"தம்பி, அவ அந்தக் குளிசையை நிப்பாட்டி மூண்டு கிழமை," என்றார்.

அம்புலன்ஸ் ஆயத்தமாகிற அந்தப் பத்து நிமிடத்துக்குள் மிச்சத்தையும் சொன்னார். அந்தக் குளிசையால் ரீச்சருக்கு மாதவிலக்கு நிற்காமல் போய்க்கொண்டிருந்திருக்கிறது. ஒருநாள் வகுப்பில் கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பியபோது பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். சீலை நனைந்திருந்தது. அன்றோடு யாருக்கும் சொல்லாமல் குளிசையை விட்டுவிட்டார். எங்கள் மிஸிமாரில் ஒருவர் அவரின் அயலவர் என்பதால் அவர்களிடம் சொல்லவும் வெட்கம். நானோ இளம் ஆண்பிள்ளை. அன்ரி தலை இழுத்துவிடுகிறபோதுதான் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். "எனக்கு வாயால வராது. டொக்டருக்கு மட்டும் நீங்கள் சொல்லிவிடுங்கோ," என்று கேட்டிருக்கிறார்.

ரீச்சரோடு அம்புலன்ஸில் பெரியாஸ்பத்திரிக்கு நானும் போனேன். உயிர் தப்பியது. பேச்சும் வலது கையும் தப்பவில்லை.

சனிக்கிழமை பொறுப்பு வைத்தியர் எங்களைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை வந்த பெரிய டொக்டரும் தலைமை மிஸியும் இருந்தார்கள். அன்ரி யன்னலோரம் இருந்தார். சோதனையை ஏன் முதல் நாளே அனுப்பவில்லை என்று என்னிடம் கேட்டார்கள். பிழைதான் என்று ஒப்புக்கொண்டேன். பிறகு பொறுப்பு வைத்தியர், "குளிசை நிப்பாட்டினது ஆருக்கு எப்ப தெரியும்?" என்று கேட்டார்.

"எனக்குப் புதன்கிழமையே தெரியும். டொக்டருக்குச் சொல்லப் பிந்திப்போனன்," என்றார் அன்ரி.

அவர் என்னைப் பார்க்கவில்லை. நான் கதைக்கவேண்டிய இடம் அது. 'அவ ரெண்டு தரம் வந்தவ, நான்தான் கேக்கேல்லை' என்று சொல்லியிருந்தால் போதும். மேசையில் தண்ணீர் இருந்தது. எடுத்துக் குடித்தேன். பொறுப்பு வைத்தியர் ஏதோ எழுதிவிட்டு, இனி ஜெபக்காரர் நோயாளிகளின் கட்டிலடிக்குப் போகவேண்டாம், காலை ஜெபத்தோடு நிறுத்திக்கொள்ளட்டும் என்று சொன்னார். அன்ரி தலையாட்டினார்.

சைக்கிள் கொட்டிலுக்கு அவருக்குப் பின்னால் போனேன்.

"அன்ரி, ஏன் அப்பிடிச் சொன்னீங்கள்?"

"உங்களைக் காப்பாத்தச் சொல்லேல்லை, தம்பி. நடந்ததைத்தான் சொன்னனான். நான் அந்த இடத்திலை நிண்டு கத்தியிருக்கவேணும். நீங்கள் ஏசுவீங்கள் எண்டு பயந்துபோனன். இந்த வயசிலையும் ஏச்சுக்குப் பயந்துபோய் வந்திட்டன்."

சைக்கிளை உருட்டிக்கொண்டு கேற்றைத் தாண்டிப் போனார். அவர் என்னைக் குறை சொல்லியிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

திங்கட்கிழமை ஏழரைக்கு நான் போய் ஜெபத்தில் நின்றேன். என்னைக் கண்டு மிஸிமாரின் முகம் மலர்ந்தது. ஒருவர் பாட்டுப்புத்தகத்தைப் பிடித்துக் காட்டினார். அன்ரி என்னைக் கண்டும் காணாததுபோலக் கட்டில் இலக்கங்களை வாசித்தார். கண்ணை மூடினேன். உள்ளே ஒன்றும் இல்லை. பொறுப்பு வைத்தியரின் அறையில் வாய் திறக்காமல் செய்த பொய்க்குப் பிறகு இது இன்னொரு பொய் என்று மட்டும் தெரிந்தது. அடுத்த நாள் போகவில்லை. ஆய்வுகூடத்துக்கும் போகவில்லை. அந்த நேரம் வாட்டுக்குள் போய், அன்ரி இருக்கிறமாதிரி ஒரு கட்டிலடியில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்து பார்த்தேன். அந்தக் கட்டிலில் இருந்த கிழவர் என்னைக் கண்டதும் பயந்து எழும்பிச் சாரத்தைச் சரிசெய்தார். "என்ன டொக்டர், ஏதும் பிழையோ?" என்று கேட்டார்.

அன்ரி இன்னும் இரண்டு மாதம் காலை ஜெபத்துக்கு மட்டும் வந்துபோனார். பிறகு மகளிடம் கனடாவுக்குப் போய்விட்டார் என்று மிஸிமார் சொல்லக் கேட்டேன். எனக்குச் சொல்லிக்கொண்டு போகவில்லை.

நியமனம் வந்து வேலையை விடுகிற அன்று பொறுப்பு வைத்தியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், போனைக் காதில் வைத்தது உட்பட. அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இதை அண்டைக்குச் சொல்லியிருந்தால் அவ கட்டிலடியில இருந்திருப்பா. எத்தினை சனத்துக்கு உதவியாய் இருந்திருக்கும்," என்றார். பிறகு அன்ரியின் கனடா இலக்கத்தை எழுதித் தந்தார். அன்றைக்கே போனில் எடுத்தேன். மணி இரண்டு தரம் அடித்ததும் நிறுத்திவிட்டேன். இன்றுவரை திருப்பி எடுக்கவில்லை.

கோப்பாய்க்கு மட்டும் போனேன், அதுவும் நியமனம் கிடைத்து ஆறு மாதத்துக்குப் பிறகு. ரீச்சரின் கணவர் தோட்டத்தில் மெஷினைப் போட்டு வெங்காயத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். என்னை உடனே அடையாளம் கண்டார்.

"நீங்கள் உடனை கொண்டுபோனபடியால்தான் இவ்வளவாவது கிடைச்சது டொக்டர்," என்றார்.

அதைக் கேட்டபின் சொல்லாமல் திரும்பிப்போக எனக்கு நன்றாகத் தெரியும். அந்த வேலையில் நான் பழகிவிட்டேன். ஆனாலும் வரம்பில் நின்றபடி சொன்னேன். மெஷின் சத்தத்தில் பாதி கேட்காமல், அவர் போய் அதை நிறுத்திவிட்டு வந்து முதலிலிருந்து கேட்டார். கேட்டுமுடித்ததும் வாய்க்காலில் மிஞ்சின தண்ணீரில் காலைக் கழுவினார்.

"அவ தன்னிலைதான் முழுப் பிழையும் எண்டு நினைச்சுக்கொண்டு இருக்கிறா. என்னட்டைச் சொன்னது காணாது. உள்ளை வந்து அவவுக்குச் சொல்லுங்கோ."

ரீச்சர் விறாந்தையில் கதிரையில் இருந்தார். வலது கை மடியில் கிடந்தது. நான் எதிரில் ஒரு ஸ்ரூலில் இருந்து, அன்ரி வந்ததையும் நான் கேளாமல் விட்டதையும் முதலிலிருந்து சொன்னேன். கண் எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். நான் நிறுத்தினதும் உதடு கொஞ்சம் அசைந்தது.

"ஓம்," என்றார்.

"இப்ப எல்லாத்துக்கும் அதொண்டுதான் வருது. சாப்பாடு வேணுமோ எண்டாலும் ஓம், வேண்டாம் எண்டாலும் ஓம்," என்றார் கணவர்.

ரீச்சர் இடது கையைத் தூக்கி என் பக்கமாக நீட்டினார். எதையோ தள்ளுகிறாரா, என்னைத் தொடப்பார்க்கிறாரா என்று பிடிபடவில்லை. "ஓம், ஓம்," என்று திரும்பவும் சொன்னார். அதை மன்னிப்பாக எடுத்துக்கொள்ள எனக்கு ஆசைதான். ஆனால் வைத்தியனாக எனக்குத் தெரியும், அவரிடம் மிஞ்சியிருந்த சொல் அது ஒன்றுதான்.