ஜேர்மன்காரருக்கு வைத்த பொட்டு

எங்கள் வீட்டில் அவரை 'ஜேர்மன்காரர்' என்றுதான் சொல்வோம். அவருடைய பெயரை உச்சரிக்க அம்மா ஒருதரம் முயன்று, பாதியில் சிரித்துக் கைவிட்டார். செலோ என்னும் பெரிய வயலின் போன்ற வாத்தியத்தை வாசிப்பதில் தன் காலத்து ஐரோப்பாவே வியந்த மனிதர், பிற்காலத்தில் இசை எழுதியவர். அவர் இறந்து நெடுங்காலமாகிவிட்டது. ஆனாலும் ஸ்காபரோவில் எங்கள் அப்பார்ட்மெண்ட் சோபாவில், இசைப் புத்தகத்தின் அட்டையில், தாடியும் கறுத்தக் கோட்டுமாக எந்நேரமும் இருந்தார்.

அப்பாவும் அம்மாவும் போரில் படிப்பை இழந்தவர்கள். பள்ளிக்கூடத்தை முடிக்கப் போகிற முதல் ஆள் நான் என்பதால், அங்கே படித்ததையெல்லாம் சாப்பாட்டு மேசையில் ஒப்புவிப்பது வழக்கம். ஜேர்மன்காரரின் வாழ்க்கையையும் அப்படித்தான் சொன்னேன்.

"அவரின்ரை தேப்பன் என்ன வேலை?" யாரைப் பற்றிச் சொன்னாலும் தகப்பனின் வேலைதான் அப்பாவின் முதல் கேள்வி.

"பேக்கரி வைச்சிருந்தவராம்."

"அப்ப விடியக் காலமை எழும்புற குடும்பம். முன்னுக்கு வருந்தான்."

தேவாலயத்தில் கிடந்த பழைய செலோவில் பழகினார், சிறு வயதிலேயே தாயை இழந்தார் என்றேன். அம்மாவின் அகப்பை நின்றது.

"பிறகு ஆர் சமைச்சுக் குடுத்தது?"

"புத்தகத்திலை அது இல்லை அம்மா."

"உப்பிடி முக்கியமானதுகளை எழுதமாட்டினம்."

அரண்மனைகளிலும் பெரிய மண்டபங்களிலும் வாசித்துப் புகழோடு இருந்தவருக்கு, ஒரு குளிர்காலத்தில் வலது தோள் இறுகிப்போனது. வில்லை அழுத்த முடியவில்லை. மேடையை விட்டுவிட்டு ஒரு வாடகை அறையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். சிறிய சிறிய துண்டுகளாக இசை எழுதினார். "பாவம் மனிசன்" என்றார் அம்மா.

அந்தத் துண்டுகளில் ஒன்றைத்தான் இளையோர் இசைக்குழுத் தேர்வுக்கு நான் எடுத்திருந்தேன். என் செலோ பள்ளிக்கூடத்துடையது. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். இசைக்குழுவில் இடம் கிடைத்தால் அவர்கள் ஒன்றைத் தருவார்கள். கிடைக்காவிட்டால் செலோவே இல்லை. அதனால் அந்தத் துண்டை எவ்வளவு உரக்க முடியுமோ அவ்வளவு உரக்கப் பழகினேன். சத்தமாக வாசித்தால்தான் திறமை தெரியும் என்பது என் கணக்கு.

தேர்வு விஜயதசமியன்று வந்தது. முதல்நாள் சரஸ்வதி பூசைக்கு அம்மா செலோ, வில், புத்தகம் மூன்றையும் படத்துக்கு முன்னால் வைத்தார். "நாளைக்குத் தொட்டு எடுக்க நல்ல நாள். இண்டைக்கு ஒண்டையும் தொடாதை."

காலையில் எடுத்தேன். அட்டையில் ஜேர்மன்காரரின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும். சிரித்துக்கொண்டே வில்லைத் தந்தியில் இழுத்தேன். சத்தம் இல்லை. கண்ணாடியில் வழுக்குவது போல வில் போய் வந்தது. முகர்ந்து பார்த்தேன், நல்லெண்ணெய்.

"அம்மா, இதுக்கு என்ன செய்தனீங்கள்?"

"குதிரைமயிர் எண்டு நீதானே சொன்னனீ. சொடுகு பிடிச்சமாதிரி வெள்ளையாய்க் கிடந்தது. நல்ல நாளும் அதுவுமாய் ஒரு சொட்டு எண்ணெய் வைச்சனான்."

அந்த வெள்ளைப் பொடி பிசின் என்றும், அது இல்லாமல் வில் தந்தியைப் பிடிக்காது என்றும் சொன்னேன். அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. எனக்கு வேறு வில் இல்லை. திருத்துகிற கடை திறக்கும்வரை காத்திருக்க நேரமும் இல்லை.

இரவு வேலை முடிந்து வந்து படுத்திருந்த அப்பா எழும்பி வந்தார். "எண்ணெய் வைச்சால் பிறகு முழுகிறதுதானே? நீர்தானே வைச்சனீர், நீரே முழுக வாத்துவிடும்."

அம்மாவிடம் பகிடியாகத்தான் சொன்னார். அம்மா உடனே குசினிக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்தார். மரத்தில் ஈரம் படாமல் கடைப்பையால் சுற்றி நான் பிடித்துக்கொள்ள, பாத்திரம் கழுவும் சோப்பை விரலில் தொட்டு, சிறுபிள்ளைக்குத் தலை கழுவுவது போல மெதுவாக உருவிக் கழுவினார். ஹெயார் ட்ரையரால் காயவைத்தார். நான் பிசினைத் தேய்த்தேன், தேய்த்துக்கொண்டே இருந்தேன். சத்தம் வந்தது, பாதி. அழுத்தினால் கீச்சிட்டு வழுக்கியது. மெல்லப் பிடித்தால் மட்டும் பாடியது.

தேர்வுக்கு டவுன்ரவுனுக்குக் காரில் போனோம்.

"ஜேர்மன்காரரின்ரை வில்லுக்கும் ஆரும் எண்ணெய் வைச்சுத்தான் தோள் போச்சோ தெரியாது" என்றார் அப்பா.

"பேசாமல் றோட்டைப் பாருங்கோ" என்றார் அம்மா.

தேர்வு அறையில் மூவர் இருந்தார்கள். புத்தகத்தை விரிக்கும்போது அட்டையைக் கண்ட ஒருவர், நெற்றியில் என்ன என்று கேட்டார். நேற்று எங்கள் வீட்டில் இவருக்குப் பூசை நடந்தது என்றேன். அவர் அதையும் குறித்துக்கொண்டார்.

அழுத்த வழியில்லை. அழுத்தாமலே வாசித்தேன். நடுப்பகுதிக்கு வந்தபோதுதான் விளங்கியது: அழுத்த முடியாத ஒரு கைக்காகவே அந்த மனிதர் இதை எழுதியிருக்கிறார். இவ்வளவு நாளும் அந்தத் தோளின் மேல் ஏறி நின்று நான் கத்திக்கொண்டிருந்திருக்கிறேன். கடைசிச் சுரம் அடங்கிய பிறகுதான் மூவரும் பேனாவை எடுத்தார்கள்.

இடம் கிடைத்தது, கடைசி வரிசையில். செலோவும் கிடைத்தது.

இப்போது மில்லிக்கனில் தனியாக இருக்கிறேன். என் சம்பளத்தில் வாங்கிய செலோ மூலையில் நிற்கிறது. அட்டையில் குங்குமம் மங்கி, சந்தனம் இருந்த இடம் மஞ்சளாகக் கிடக்கிறது. சரஸ்வதி பூசையன்று அம்மா தவறாமல் போன் எடுப்பார்.

"ஜேர்மன்காரருக்குப் பொட்டு வைச்சிட்டியே?"

"ஓம் அம்மா."

"வில்லுக்கு ஒண்டும் வைக்காதை, என்ன?"