அரை அங்குலக் கோடு

விசாரணைக் குழு அறிக்கையின் இருநூற்றுப் பதினான்காம் பக்கத்தில் அவரைப் பற்றி இப்படி எழுதியிருக்கிறது: "அமைச்சர் அலுவலகத்தின் நிழல் அதிகார மையமாகச் செயல்பட்ட இவர், தமது பரந்த செல்வாக்கைப் பயன்படுத்தி, வீட்டு வசதித் துறையின் ஒதுக்கீடுகளைத் தம் விருப்பப்படி நிர்ணயித்து வந்துள்ளார்."

அறிக்கை வெளியான அன்று காலை நிழல் அதிகார மையம், சைக்கிள் கடைக்கு மேலே இருக்கும் தன் ஒற்றை அறையில், குழாயடியில் வாளியை வைத்துக்கொண்டு காத்திருந்தது. தண்ணீர் வரவில்லை. வீட்டுக்காரரைக் கேட்கலாமா என்று யோசித்தது. போன மாதம் கேட்டபோது அவர் பார்த்த பார்வை ஞாபகம் வரவே, பரந்த செல்வாக்கு வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது.

சம்பளப் பட்டியலில் அவர் தட்டச்சர், இரண்டாம் நிலை. இருபத்தாறு வருடம் வேலை பார்த்தும் முதல் நிலைக்கு ஏறவில்லை. அலுவலகத்தில் அவரைக் 'கையெழுத்து' என்று கூப்பிட்டார்கள், அதுவும் முதுகுக்குப் பின்னால். அந்தப் பெயர் வந்த கதையைச் சொல்ல வேண்டுமானால் அமைச்சரிலிருந்து தொடங்க வேண்டும். அவருடைய எந்தக் கதைக்கும் அதுதான் விதி.

அமைச்சர் பஸ் தொழிலாளர் சங்கத்திலிருந்து வந்தவர். மைக் தேவைப்படாத குரல். அப்படியும் சட்டமன்றத்தில் ஒருமுறை மைக்கைப் பிடுங்கி எறிந்தார். அது சபாநாயகரின் தண்ணீர்க் குவளையை உடைத்தது. கூட்டத் தொடர் முழுக்க அவரை வெளியே நிறுத்தினார்கள். அடுத்த தேர்தலில் அவருக்கு இரண்டு மடங்கு ஓட்டு விழுந்தது. மூன்று கட்சி மாறினார். மூன்று முறையும், "நான் அங்கயேதான் நிக்கறேன், கட்சிதான் நகந்து போயிடுச்சு" என்றார். எட்டு நாள் சிறையில் இருந்து, போனதைவிடச் சற்றுப் பருத்து வெளியே வந்தார். பாதிப் பத்திரிகைகள் அவரைக் கொள்ளைக்காரர் என்றன, மீதி ஏழைகளின் தந்தை என்றன. இரண்டையும் வெட்டிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருந்தார். கேட்டவர்களுக்கு, "ரெண்டுலயும் போட்டோ நல்லா விழுந்திருக்குல்ல?" என்பார்.

இத்தனை மாறினாலும் ஒரு கொள்கையை மட்டும் அவர் கைவிட்டதில்லை. தேடி வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. வேலை, வீடு, மாற்றல், மருத்துவமனையில் படுக்கை என்று யார் என்ன கேட்டாலும் ஒரு சிபாரிசுக் கடிதம் உண்டு. முத்திரை போட்ட தாள், கீழே கையெழுத்து. வந்தவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாக வாங்கிக்கொண்டு போவார்.

கேட்டவர்களுக்கெல்லாம் வீடு கொடுப்பதென்றால் அரசாங்கம் கடலுக்குள்தான் கட்ட வேண்டும். ஆகவே அமைச்சர் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார். கையெழுத்துக்குக் கீழே அரை அங்குலத்துக்குச் சாய்வாக ஒரு கோடு இருந்தால், செய். கோடு இல்லாவிட்டால், கோப்பில் போட்டு மூடு. நூறு கடிதத்தில் நாலைந்துக்குத்தான் கோடு விழும். துறை அதிகாரிகளுக்கு இது மனப்பாடம். "ஐயா கோடு போட்டா நாங்க ரோடே போடுவோம்" என்று அவர்களுக்குள் ஒரு கேலி உண்டு. கடிதத்தை வாங்கிப் போகிறவர்களுக்கு மட்டும் தெரியாது.

அமைச்சரான முதல் வருடம் ஒரு மேடை சரிந்து அவருடைய மணிக்கட்டு உடைந்தது. ஆறு வாரம் தட்டச்சர் அவருக்காகக் கையெழுத்துப் போட்டார். கட்டுப் பிரித்த அன்று கடிதக் கட்டை எடுத்துக்கொண்டு போய் முன்னால் வைத்தார். அமைச்சர் இரண்டு தாளைப் புரட்டினார்.

"யோவ், உன்னுது என்னுதவிட நல்லா இருக்கேய்யா. நீயே போட்டுடு. கோடு மட்டும் நான் போட்டுக்கறேன்."

கை சரியாகிவிட்டது. வேலை திரும்பிப் போகவில்லை. இருபத்திரண்டு வருடம் அப்படியே ஓடியது.

இதில் தட்டச்சருக்குக் கிடைத்த லாபம், பேசுவதற்கு ஆள் இல்லாமல் போனதுதான். அவர் வந்தால் கேன்டீனில் பேச்சு நிற்கும். மேலிடத்து ஆள், எதற்கு வம்பு என்று சிலர் ஒதுங்கினார்கள். ஒதுங்காதவர்கள் விண்ணப்பத்தோடு நெருங்கினார்கள். ஒருமுறை காய்ச்சலில் கிடந்தபோது பக்கத்து அறைக்காரர் பார்க்க வந்தார். நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், மாத்திரை போட்டீர்களா என்று விசாரித்தார். தட்டச்சர் நகர்ந்து அவருக்கு உட்கார இடம் விட்டார். அந்த நேரம் பார்த்து வந்தவர் சட்டைப் பையிலிருந்து மச்சினனின் விண்ணப்பத்தை எடுத்தார். அதற்குப் பிறகு தட்டச்சர் காய்ச்சல் வந்தால் யாருக்கும் சொல்வதில்லை.

மனைவி இருந்தாள். அந்த அறையில் இரண்டு பேர் படுக்கலாம், ஆனால் ஒருவர் எழுந்தால் இன்னொருவரும் எழ வேண்டும். இரண்டு வருடம் அப்படி எழுந்து பார்த்துவிட்டு, அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டையெல்லாம் இல்லை.

"வீடு கிடைச்சதும் சொல்லுங்க, பெட்டியோட வந்துடறேன்" என்றாள்.

ஞாயிறுதோறும் காலையில் போன் செய்வாள்.

"லெட்டர் என்னாச்சுங்க?"

"போயிருக்கு."

"போன வருஷமும் போயிருக்குன்னுதான் சொன்னீங்க."

"அது போன வருஷ லெட்டர். இது இந்த வருஷத்துது."

பொய்யில்லை. அவர் வருடத்துக்கு ஒருமுறை தம் பெயருக்கே ஒரு சிபாரிசுக் கடிதம் தட்டச்சு செய்வார், அமைச்சராகக் கையெழுத்துப் போடுவார், கட்டுக்கு நடுவில் செருகுவார். ஒரு தடவை அமைச்சர் அந்தத் தாளில் நின்றார். தட்டச்சர் மேஜைக்கு எதிரேதான் இருந்தார்.

"இது யாருய்யா? பேரு எங்கயோ கேட்ட மாதிரி இருக்கே?"

நான்தான் ஐயா என்று சொல்ல வாயெடுத்தவர், "தெரிஞ்சவர்தாங்கய்யா" என்றார்.

"தெரிஞ்சவங்கன்னு பாத்தா நாட்டுல எல்லாருந்தான் தெரிஞ்சவங்க" என்று அமைச்சர் தாளைப் புரட்டிவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் தட்டச்சர் போனில், "போயிருக்கு" என்றார். சில வருடம் கழித்து மனைவி கடிதத்தைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டு, மழை பெய்ததா என்று கேட்கத் தொடங்கினாள். அது அவருக்கு முன்னதைவிடக் கஷ்டமாக இருந்தது.

அலுவலகத்தில் தரை துடைக்கிற அம்மா ஒருவர் இருந்தார். சாலையை அகலமாக்க அவர் குடியிருந்த வரிசை இடிபட்டது. இடித்தது அமைச்சரின் துறைதான். எட்டு வருடம் எட்டுக் கடிதம் வாங்கினார். எட்டின் நகலையும் மடிப்புக் கலையாமல் ஒரு பிளாஸ்டிக் பையில் வைத்திருந்தார். ஒரு நாள் காலை, அலுவலகத்துக்கு வேறு யாரும் வருவதற்கு முன்னால், அந்தப் பையைத் தட்டச்சர் மேஜையில் வைத்தார்.

"சார், ஒன்பதாவது லெட்டரும் குடுத்துடுவாருல்ல?"

"குடுப்பாரும்மா."

"தங்கமான மனுஷன் சார். ஒரு வருஷமாவது முகம் சுளிச்சிருப்பாரா? வருஷா வருஷம் கையெழுத்துப் போட்டுத் தர்றாரு. கிடைக்கல்லன்னா அது என் நேரம். அவர என்ன சொல்ல முடியும்?"

தட்டச்சர் எட்டுத் தாளையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். எட்டும் அவர் போட்ட கையெழுத்து, வளைவுகள்கூட மாறவில்லை. எதிலும் கோடில்லை. அந்த அம்மா எட்டு வருடமாக வாழ்த்திக்கொண்டிருந்தது தம் கையைத்தான் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

அன்று அமைச்சர் கோடு போட்டுத் திருப்பி அனுப்பிய கட்டைத் தட்டச்சர் பிரித்தார். அந்த அம்மாவின் ஒன்பதாவது கடிதம் இருந்தது. அதற்கு அடியிலேயே தட்டச்சரின் சொந்த ஏழாவது கடிதம். இரண்டிலும் கோடில்லை. பேனாவை எடுத்தார். மேலே இருந்த கடிதத்தில் அரை அங்குலம் இழுத்தார். பிறகு மூடியைப் போட்டுப் பேனாவைப் பையில் செருகிக்கொண்டார்.

கீழே இருந்ததை ஏன் விட்டீர்கள் என்று பிற்காலத்தில் இரண்டு பேர் அவரைக் கேட்டார்கள். இருவருக்கும் அவரால் பதில் சொல்ல முடியவில்லை.

மூன்றாம் மாதம் அந்த அம்மாவுக்கு வீடு வந்தது. அமைச்சர் அறை வாசலில் நின்று கும்பிட்டார். அமைச்சர், "நல்லா இரும்மா" என்றார். எதற்கு என்று அவருக்குத் தெரியாது. ஆனால் கும்பிட்டவரிடம் காரணம் கேட்கிற பழக்கம் அவருக்கு என்றைக்குமே கிடையாது.

நாலு வருடம் கழித்து ஆட்சி மாறியது. புது அரசாங்கம் விசாரணைக் குழு வைத்தது. முறைகேடாக ஒதுக்கியதாக அறுபத்தொரு வீடுகள், கோடு போட்ட அறுபத்தொரு கடிதங்கள். அமைச்சர் கூண்டில் ஏறி, "அந்தக் கையெழுத்தே என்னுது இல்லீங்க" என்றார். பொது வாழ்வில் சத்தியம் செய்து அவர் சொன்ன முதல் உண்மை அது, யாரும் நம்பவில்லை. கையெழுத்து நிபுணர் வந்து, உண்மைதான் என்றார். எல்லாக் கண்களும் தட்டச்சர் பக்கம் திரும்பின.

தட்டச்சரை விசாரிப்பதற்கு முந்தின நாள் மத்தியானம் அமைச்சரே போன் செய்தார்.

"தம்பி, சாப்பிட்டியா?"

இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவை. தட்டச்சர் மூடி வைத்திருந்த சோற்றைப் பார்த்தார்.

"கோடு ஐயா போட்டதுன்னு சொல்லப் போறியாமே? சொல்லிப் பாரு. கையெழுத்துக்கு நிபுணர் இருக்கான், கோட்டுக்கு ஏதுய்யா நிபுணர்? நீயே எல்லாம் போட்டேன்னுடு. அடுத்த ஆட்சி நம்முது, நான் பாத்துக்கறேன்."

"நான் இன்னும் சாப்பிடலீங்கய்யா" என்றார் தட்டச்சர். அதற்குள் அந்தப் பக்கம் வைத்தாகிவிட்டது.

இலவச சட்ட உதவியில் அவருக்கு ஒரு வக்கீல் கிடைத்திருந்தாள். அவருடைய மகள் வயது இருக்கும், மகள் இருந்திருந்தால். மறுநாள் விசாரணை அறை வாசலில் விரல் விட்டுச் சொன்னாள்: "ரெண்டே பதில்தான் சார். கோடு யாரு போட்டதுன்னா, அமைச்சர். நீங்க ஒண்ணாவது போட்டீங்களான்னா, இல்ல. முதலாளி சொன்னார், கையெழுத்துப் போட்டேன்னு முடிச்சிக்கலாம். வேலையும் பென்ஷனும் தப்பிச்சிடும்."

முதல் பதிலைச் சரியாகச் சொன்னார். பிறகு அமைச்சர் தரப்பு வக்கீல் எழுந்தார்.

"இந்த அறுபத்தோரு லெட்டர்ல ஒண்ணுலயாவது நீங்க கோடு போட்டதுண்டா?"

இல்லை என்றால் முடிந்தது. தட்டச்சர் கட்டைப் பார்த்தார். இல்லை என்று சொன்னால் அந்த ஒன்றும் அமைச்சர் பேரில் போய்ச் சேரும். இத்தனை வருடத்தில் அவர் தாமாகச் செய்த காரியம் அது ஒன்றுதான். அதையும் தூக்கிக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

"ஒண்ணு போட்டேங்க."

"ஒண்ணா? ஏன், உங்க பேருல கோடில்லாத லெட்டரே கோப்புல இருக்கே, அதுக்கு ஏன் போடல?"

தட்டச்சர் மறுபடி கட்டையே பார்த்தார். அவருடைய வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டாள். ஒன்று போட்ட கை அறுபத்தொன்றும் போட்டிருக்கும் என்று குழு முடிவுக்கு வந்தது.

பத்திரிகையில் எல்லாம் வந்தது. அடுத்த நாள் ஞாயிறு இல்லை. ஆனாலும் மனைவி கூப்பிட்டாள்.

"அப்போ பேனா உங்க கையிலதான் இருந்திருக்கு."

"ஆமா."

"நம்ம லெட்டரும் அதே கட்டுல இருந்துச்சா?"

"ஆமா."

"ஏங்க?"

அவர் போனை மறு காதுக்கு மாற்றினார். அவள் வைத்துவிட்டாள். பிறகு எந்த ஞாயிறும் மணி அடிக்கவில்லை. ஞாயிறு காலைகளில் அவர் வெளியே போவதை மட்டும் இன்னும் தொடங்கவில்லை.

அறுபத்தொரு வீடுகளில் ஒன்றுகூட ரத்தாகவில்லை. ரத்தானது தட்டச்சரின் வேலையும் பென்ஷனும்தான். அமைச்சர் நாலாவது கட்சியில் சேர்ந்து நின்று ஜெயித்தார். தரை துடைக்கிற அம்மா மூன்றாம் மாடியில் குடியிருக்கிறார்; அவருக்குப் பத்திரிகை படிக்கத் தெரியாது. வழியில் பார்த்தால் தட்டச்சரிடம், "ஐயா மறுபடி வந்துட்டாராமே, தங்கமான மனுஷன் சார்" என்கிறார். தட்டச்சர், "ஆமாம்மா" என்கிறார்.

இருபத்திரண்டு வருடம் அவர் அமைச்சரின் கையெழுத்தைப் போட்டார். பதினோரு முறை தம் பெயருக்குக் கடிதம் எழுதி, கோடு போடாமல் விட்டார். ஒரே ஒருமுறை, தரை துடைக்கிற அம்மாவின் கடிதத்துக்கு ஒரு கோடு போட்டார்.